அந்த மேட்டில் வீடு கட்டுவதற்கு முன்

நடேசா,

நேற்றுச் சாப்பிடும்போது நீ கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நான் கை கழுவ எழுந்து போய்விட்டேன். தை மாதம் சரசுவோடு கல்யாணம் முடிந்ததும் கிள்ளானை விட்டு பிரிக்பீல்ட்ஸுக்கே திரும்பப் போவதாகச் சொன்னாய். நம் பழைய மேட்டில், சரசுவின் வீடு இருந்த இடத்தையும் சேர்த்து ஒரே வீடாகக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாய். ரயில்வேயில் வேலை கிடைத்திருக்கிறது, அங்கிருந்து நடந்தே போய்விடலாம், குவார்ட்டர்ஸ் கொடுக்க எத்தனை வருஷம் ஆகுமோ என்றாய். ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து கயிறு பிடித்து இடத்தை அளந்து தரும்படி என்னைக் கேட்டாய். நியாயமான கேள்விதான். இருபது வருஷம் கூலிகளை வைத்து மேடு வெட்டி ரோடு போட்ட மண்டோரிடம்தான் அதைக் கேட்க வேண்டும். உன் அம்மா என் முகத்தைப் பார்த்தாள். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, இனி மேடு ஏற முடியாது என்று நீயாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டு, மேற்கொண்டு கேட்காமல் விட்டாய். காரணம் அதுவல்ல. வாயால் சொல்ல வராததை எழுதுகிறேன். இதை ஒளித்து வைக்க வேண்டாம். படித்து முடித்த பிறகு யார் கேட்டாலும் படிக்கக் கொடு.

அந்த மேடு உனக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அது எதனால் நின்றுகொண்டிருந்தது என்பது உனக்குத் தெரியாது. மேலே பழைய ரப்பர் மரங்களும் காடுமாக இருந்த சரிவு அது. மழை பெய்தால் மேட்டின் தண்ணீரெல்லாம் நடுவில் இருந்த பள்ளத்தில் கூடி, நேரே கீழே ரயில் பாதைப் பக்கம் இறங்கும். நான் சரிவில் ஒரு படி வெட்டி நம் வீட்டைக் கட்டியபோது அந்தப் பள்ளத்தை விட்டு விலகித்தான் கட்டினேன். சில வருஷம் கழித்து வேலாயுதம் வந்தான். ரயில்வே பட்டறையில் பிட்டர் வேலை. மனைவி பாக்கியம், இடுப்பில் சரசு. அவர்களுக்கு மிச்சம் இருந்தது அந்தப் பள்ளத்தின் வாய் ஒன்றுதான். தண்ணீர் வருமே என்று அவன் தயங்கினான். நான்தான் மேலே குறுக்காக ஒரு லோங்காங், வடிகால், வெட்டினேன். பள்ளத்தில் இறங்கும் தண்ணீரை அங்கேயே பிடித்து, பக்கவாட்டில் திருப்பி, நம் வீட்டுக்குப் பின்புறமாகக் கொண்டுபோய், அந்தப் பக்கத்து ஓடையில் விட்டேன். இடுப்பளவு ஆழம். கரைக்குக் களிமண் போட்டு மிதித்து, மேலே புல் பதித்தேன். இந்த லோங்காங் இருக்கிறவரை உன் வீட்டுக்கு ஒன்றும் வராது என்று வேலாயுதத்திடம் சொன்னேன். என் வார்த்தையை நம்பித்தான் அவன் அங்கே கால் ஊன்றினான்.

உனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும்போது, ஒரு மழை நாளில் நீயும் சரசுவும் அந்த லோங்காங்கில் மண்ணைக் குவித்து அணை கட்டி விளையாடினீர்கள். தண்ணீர் கரை மீறி பாக்கியத்தின் அடுப்படிக்குள் போய்விட்டது. நான் வேலையிலிருந்து வந்ததும் பெல்ட்டைக் கழற்றி உன்னை அடித்தேன். பாக்கியம்தான் குறுக்கே வந்து உன்னை இழுத்துக்கொண்டாள். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும், விடுங்கள் அண்ணே என்றாள். எங்கே திருப்புகிறோம் என்று தெரியாமல் எவனும் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்று நான் அவளிடமும் கத்தினேன். அந்த அடி உனக்கு நினைவிருக்கும். தெரியாமல் செய்தவன் நீ. உனக்கு அடி விழுந்தது. பின்னால் அதையே தெரிந்து செய்தவன் ஒருவன் இருக்கிறான். அவன் மேல் இதுவரை ஒரு சுடுசொல்கூட விழவில்லை.

ஜப்பான்காரன் வந்து சில மாதங்களில் அரிசி அரிதாகிப் போனது. காலி நிலமெல்லாம் மரவள்ளி போடச் சொல்லி உத்தரவு வந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சரிவில் ஏறி மரம் வெட்டச் சொல்லி எந்த ஜப்பான்காரனும் என்னிடம் வரவில்லை. உன் தங்கை மீனாவுக்குக் கால் வீங்கியிருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அதைப் பார்த்துவிட்டு நான் கோடரியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். நீயும் வந்தாய். இரண்டு பேரும் சேர்ந்து மரங்களைச் சாய்த்தோம், விறகாக்கினோம், வேரைக்கூட விடாமல் தோண்டி எடுத்தோம். செடி நடும்போது நீ ஒரு கேள்வி கேட்டாய். “படி எடுக்க வேணாமாப்பா?” என்றாய். சரிவுக்குக் குறுக்கே படிப்படியாக வெட்டி, ஒவ்வொரு படியிலும் தண்ணீர் நின்று போகும்படி செய்துவிட்டுத்தான் செடி வைக்க வேண்டும் என்று உனக்குச் சொல்லித் தந்தவன் நான்தான். “வயித்துக்கு இல்லாதப்ப என்னாடா படி” என்று சொன்னேன். படி எடுக்க ஒரு மாதம் ஆகும். மேலிருந்து கீழாக வரிசை போட்டு நட இரண்டு நாள் போதும். மண்டோரே அப்படிச் செய்கிறார் என்று பார்த்துவிட்டு மற்றவர்களும் ஏறினார்கள். அந்த வருஷ முடிவுக்குள் மேடு மொட்டையாகிவிட்டது.

மரவள்ளி மண்ணைப் பிடித்துக்கொள்கிற பயிர் அல்ல. ஒவ்வொரு தரமும் கிழங்கு பிடுங்கும்போது மண்ணைக் கிளறிவிட்டு வருகிறோம். பிடுங்கின குழியில் தண்ணீர் நிற்கிறது, உள்ளே இறங்குகிறது, அடியில் ஊறுகிறது. அடுத்த வருஷம் கிழங்கு சிறுத்துப் போனது. மேல் மண் எல்லாம் கரைந்து லோங்காங்கில் வந்து படிந்தது. முன்பெல்லாம் மாதத்துக்கு ஒருமுறை சேறு வாரினால் போதும். அப்போது ஒவ்வொரு மழைக்கும் வார வேண்டியிருந்தது. நானும் வேலாயுதமும் முறை வைத்து வாரினோம்.

அந்த வருஷம்தான் உன்னைப் பாசார் சந்தையில் வைத்துப் பிடித்து லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் என்றார்கள். அன்றைக்கு வேலாயுதம் என்ன செய்தான் என்பது உனக்குத் தெரியாது. பட்டறையிலிருந்து அப்படியே ஓடி, ஆட்களை நிறுத்தி வைத்திருந்த கொட்டகைக்குப் போய், இவன் என் உதவியாள், இவன் இல்லாவிட்டால் பட்டறை வேலை நிற்கும் என்று பொய் சொல்லி உன்னைக் கேட்டிருக்கிறான். கன்னத்தோடு காதில் அறைந்து அனுப்பினார்கள். திரும்பி வரும்போது காதிலிருந்து ரத்தம் வழிந்தது. அந்தக் காது அதற்குப் பிறகு அவனுக்குச் சரியாகக் கேட்கவேயில்லை. உனக்காக அடி வாங்கியதை அவன் யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொண்டதில்லை. நான் அன்று கொட்டகைப் பக்கம் போகவில்லை. என்னையும் பிடித்துக்கொள்வார்கள் என்று பயந்து வீட்டில் இருந்தேன்.

வருஷக் கடைசி மழை அந்த முறை விடாமல் பெய்தது. மேடு போகப்போகிறது என்று எனக்கு ஒரு வாரத்துக்கு முன்பே தெரியும். மேலே மரவள்ளி வரிசைகளுக்கு நடுவில், பிறை மாதிரி வளைந்து ஒரு வெடிப்பு விட்டிருந்தது. முதல் நாள் விரல் நுழைந்தது. மூன்றாம் நாள் கையே நுழைந்தது. நம் வீட்டுக்குப் பின்னால் இருந்த மண் சுவரின் அடியில் ஊற்று கசிந்தது. தெளிவாகக் கசிந்துகொண்டிருந்த தண்ணீர் செம்மண் கலங்கி வரத் தொடங்கினால், உள்ளே மண் கரைகிறது என்று பொருள். ரோட்டு வேலையில் அதைப் பார்த்தால் அந்த நிமிஷமே ஆட்களை விலகச் சொல்லுவோம். நான் யாரையும் விலகச் சொல்லவில்லை. வெடிப்பை வேலாயுதத்திடம் காட்டவும் இல்லை. காட்டினால் என்ன செய்யலாம் என்று கேட்பான். படி எடுக்காமல் ஏன் நட்டாய் என்று அவன் கேட்டிருக்க மாட்டான். ஆனாலும் அவன் கண்ணில் அது தெரியும் என்று கூசினேன்.

அன்றைக்கு விடிந்ததிலிருந்து மழை. வேலாயுதம் பட்டறைக்குப் போய்விட்டான். போகாவிட்டால் விட மாட்டார்கள். சரசு பங்கீட்டுக் கடை வரிசையில் நிற்கக் கீழே போயிருந்தாள். பாக்கியத்துக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல், வீட்டுக்குள் படுத்திருந்தாள். முந்தைய நாள் சேறு வாருவது என் முறை. உடம்பு முடியவில்லை என்று வாராமல் விட்டிருந்தேன். பகல் பத்து மணி வாக்கில் லோங்காங் சேற்றால் நிரம்பி, நம் வீட்டுக்குப் பின்னால் கரை புரண்டு, மண் சுவரின் மேல் வழிய ஆரம்பித்தது. சுவர் வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. அதன் அடியில்தான் மீனா படுத்திருந்த அறை. உன் அம்மா அவளைத் தூக்கப் பார்த்து முடியாமல் என்னைக் கூப்பிட்டாள்.

முதலில் மீனாவைத் தூக்கியிருக்கலாம். பிறகு பாக்கியத்தை எழுப்பியிருக்கலாம். இரண்டு வீடும் போனால் போகட்டும் என்று நான்கு பேரும் கீழே இறங்கியிருக்கலாம். அத்தாப்பு ஓலைக் கூரையும் பலகையும்தானே. ஆனால் வீட்டை விட எனக்கு மனம் வரவில்லை. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மேலே ஏறினேன். லோங்காங் திரும்புகிற முனைக்குப் போய்க் கரையை வெட்டினேன். நாலைந்து வெட்டுத்தான். தண்ணீர் மீதி மண்ணைத் தானே தள்ளிக்கொண்டு அதன் பழைய வழியில், பள்ளத்தின் வாய்க்கு, நேராக இறங்கியது. எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அந்த மேட்டில் என்னைத் தவிர வேறு யாருக்கும் அவ்வளவு நிச்சயமாகத் தெரிந்திருக்காது.

நான் நின்ற இடத்திலிருந்து பாக்கியத்தின் வீட்டுக் கதவுக்கு இருபது அடி தூரம் இருக்கும். கூப்பிட்டால் மழையிலும் கேட்டிருக்கும். நான் கூப்பிடவில்லை. இந்த இரண்டு வருஷமாக இதைத்தான் திருப்பித் திருப்பி யோசிக்கிறேன், வேறு காரணம் எதுவும் எனக்குக் கிடைக்கவில்லை: கூப்பிட்டால் அவள் வெளியே வருவாள். வந்தால் என் கையில் மண்வெட்டியைப் பார்ப்பாள். என்னண்ணே பண்றீங்க என்று கேட்பாள். அப்படி ஒருத்தி கேட்டு நின்ற பிறகு என்னால் வெட்ட முடியாது. வெட்டினதை மூடவும் வேண்டியிருக்கும். அதனால்தான் கூப்பிடவில்லை. மீனாவைக் கீழே கொண்டுபோய் விட்டுவிட்டு வந்து எழுப்பிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மீனாவை முதுகில் போட்டுக்கொண்டு உன் அம்மாவோடு கீழே இறங்கி, ரயில் பாதை ஓரக் கொட்டகையில் உட்காரவைத்தேன். திரும்பி மேலே ஏறும்போது பாதி வழியில் சத்தம் கேட்டது. இடிச் சத்தம் இல்லை. ஈரமான ஏதோ பெரிய பொருளைத் தரையோடு இழுப்பது போல நீளமாகக் கேட்டு, நின்றுவிட்டது. நான் போய்ப் பார்த்தபோது வேலாயுதத்தின் வீடும் இல்லை, அது இருந்த படியும் இல்லை. மரவள்ளிச் செடிகள் நின்ற வாக்கிலேயே இறங்கி வந்து, அந்த இடத்தில் நட்டது போல நின்றுகொண்டிருந்தன. நம் வீட்டுப் பின்சுவர் அப்படியே இருந்தது.

வேலாயுதம் பட்டறையிலிருந்து ஓடி வந்து கையாலேயே தோண்டினான். அவன் பக்கத்தில் நின்று நானும் தோண்டினேன். மாலைக்குள் பாக்கியத்தை எடுத்துவிட்டோம். பாயோடு இருந்தாள். சரசு ரேஷன் பையைப் பிடித்தபடி நின்று பார்த்தாள். மேலே ஏறி இறங்கின என் காலெல்லாம் சேறாக இருந்ததைப் பார்த்துவிட்டு வேலாயுதம் என் தோளைப் பிடித்துக்கொண்டான்.

“நீங்களாவது கடைசி வரைக்கும் அந்த லோங்காங்கோட போராடுனீங்களே மச்சான்” என்றான்.

நான் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி உன் அம்மா என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னாள். நம் பிள்ளை பிழைத்துவிட்டது, அதோடு இந்தப் பேச்சை நிறுத்துங்கள் என்றாள். அவள் மேல் உனக்குக் கோபம் வந்தால் அதையும் என் மேலேயே வைத்துக்கொள். வெட்டியது அவள் இல்லை.

அதன் பிறகு நடந்தது உனக்குப் பாதி தெரியும். வேலாயுதம் மகளைக் கூட்டிக்கொண்டு ஜெஞ்சாரோமில் இருக்கும் தன் அக்கா வீட்டுக்குப் போனான். நாங்கள் கிள்ளானுக்கு வந்தோம். ஆறேழு மாதத்தில் அவனுக்கும் காய்ச்சல் வந்தது, மருந்து கிடைக்கவில்லை. ஆள் அனுப்பினார்கள், போனேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ சயாமிலிருந்து திரும்பி வந்தால் சரசு உனக்குத்தான் என்றான். வராவிட்டாலும் அவளை நம் வீட்டுப் பெண்ணாக நினைத்துப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். சரி என்றேன். சாகப்போகிறவனிடம் எதற்கு என்று அப்போது வாயை மூடிக்கொண்டது இரக்கம் என்று நினைத்தேன். பயம்தான் அது. வேறொன்றும் இல்லை.

இப்போது மேடு சரிந்த பேச்சு வந்தால் எல்லாரும் ஜப்பான்காரன் காலத்தில் போனது என்கிறார்கள். பசியில் செத்தவன், சயாமில் செத்தவன், மண்ணில் செத்தவள், எல்லாம் ஒரே கணக்கு. நானும் ஒரு வருஷம் அப்படியே சொல்லித் திரிந்தேன். சொல்ல எவ்வளவு வசதியாக இருக்கிறது தெரியுமா? அவன் செய்த அக்கிரமம் கொஞ்சமா, அதோடு இதையும் சேர்த்தால் யாருக்குத் தெரியப்போகிறது? பாக்கியத்தைக் கொன்றது ஜப்பான்காரன் இல்லை. தண்ணீர் எங்கே போகும் என்று தெரிந்த ஒரு மண்டோர்.

நீ உயிரோடு திரும்பி வந்து, கல்யாணப் பேச்சை எடுத்ததும், போன வாரம் நான் ஜெஞ்சாரோமுக்குப் போனேன். தேங்காய் லோரியில் இடம் கிடைத்தது. உனக்குச் சொல்லும் முன் சரசுவிடம் சொல்வதுதான் முறை என்று பட்டது. அவள் வாசலில் கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வெடிப்பு, நான் வாராமல் விட்ட சேறு, கரை, கூப்பிடாமல் இருந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். மீனாவின் கால் வீக்கத்தையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் சீவுவதை நிறுத்தவில்லை. கையிலிருந்த கிழங்கைச் சீவி முடித்துவிட்டுக் கேட்டாள்.

“அம்மா உள்ளதான் படுத்திருந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும்லா?”

தெரியும் என்றேன்.

“அப்பா சாகறப்ப உங்க கையைப் புடிச்சுக்கிட்டு இருந்தாரே மாமா. அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம்.”

அவள் எழுந்தாள். உள்ளே போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். குடிக்கச் சொல்லவில்லை. மீனா நல்லா இருக்கட்டும் என்றாள். பிறகு, நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சொன்னாள்.

“அவர்கிட்ட நீங்களே சொல்லுங்க, நான் சொல்ல மாட்டேன். கேட்டுட்டு அவர் வந்தா வரட்டும். நீங்க கல்யாணத்துக்கு வர வேணாம் மாமா.”

அவ்வளவுதான் அவள் கேட்டது. அதைவிடக் குறைவாக ஒருத்தியால் கேட்க முடியாது. நான் திரும்பி வந்து ஏழு நாளாக உன்னிடம் வாயைத் திறக்கவில்லை. நேற்று நீ கயிறு பிடிக்கக் கூப்பிட்ட பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இதுவும் என் குணத்தில் சேர்ந்ததுதான்.

மேட்டைப் பற்றிக் கேட்டாய். அதில் இன்னும் எனக்குச் சொல்லத் தகுதி இருப்பதாக நீ நினைத்தால் கேட்டுக்கொள். பள்ளத்தின் வாயில் வீடு கட்டாதே, யார் எவ்வளவு ஆழமாக லோங்காங் வெட்டித் தந்தாலும் கட்டாதே. சரிந்த மண் இன்னும் இறுகவில்லை. மூன்று நான்கு வருஷ மழை அதன் மேல் பெய்து, லாலாங் புல் தானாக மூடி, அதற்குள் மரம் முளைக்க வேண்டும். அந்தப் புல்லைப் பிடுங்காதே. மேலே மிச்சம் இருக்கிற மரவள்ளியை யாராவது பிடுங்க வந்தால் தடுத்து, அடியோடு அறுக்கச் சொல், வேர் மண்ணிலேயே இருக்கட்டும். மூங்கில் குருத்துக் கிடைத்தால் சரிவின் அடியில் வரிசையாக வை. நம் பழைய வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மண் சுவரைச் செங்குத்தாக விடாமல் சாய்த்து வெட்டிவிடு. உனக்கு நான் கற்றுக்கொடுக்காத ஒன்று இருக்கிறது. உன் வீட்டுத் தண்ணீரைத் திருப்பும்போது அது போய்ச் சேருகிற இடம் வரைக்கும் நடந்து போய்ப் பார். அங்கே ஒரு வீடு இருந்தால், கதவைத் தட்டிச் சொல்லிவிட்டு வா. வேலையில் சேரும் கூலிகளுக்கெல்லாம் மண்ணைப் பற்றி மணிக்கணக்காகச் சொல்லியிருக்கிறேன். இதை யாருக்கும் சொன்னதில்லை.

சயாமில் நீ என்ன பார்த்தாய், என்ன செய்தாய் என்று நான் கேட்கவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றினால் சரசுவிடம் சொல். என்னைப் போல வருஷக்கணக்காக உள்ளேயே ஊறவிடாதே. இதைப் படித்துவிட்டு நீ இனி என் வீட்டுக்கு வராமல் இருந்தாலும் சரி, வந்து திட்டினாலும் சரி. அவள் வரச் சொன்னது உன்னைத்தான், அதனால் நீ போக வேண்டும். என் பாவத்தில் அவள் உன்னை இழுக்கவில்லை; நீயும் அவளை அதில் இழுக்காதே.

தை மாதம் உன் அம்மாவும் மீனாவும் கல்யாணத்துக்கு முந்தின நாளே ஜெஞ்சாரோமுக்கு வந்துவிடுவார்கள். மாப்பிள்ளையின் அப்பா எங்கே என்று பந்தலில் கேட்பார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம் என்கிறாள் உன் அம்மா. அப்படிச் சொல்லாதே. பெண் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், அவள் சொன்னது சரிதான் என்று சொல்.

இப்படிக்கு,
உன் அப்பா